மகன் மிஷனில், நான் ரங்கூனில்: வாய்ஸ் மெசேஜோடு மூன்று வருடம்

என் மூத்த மகன் ஒரு கத்தோலிக்கத் துறவற சபையில் பிரதராக இருக்கிறான். 2022 ஆகஸ்டில் சபை அவனைப் பாப்புவா நியூ கினிக்கு மிஷன் வேலைக்கு அனுப்பியது. மவுண்ட் ஹாகன் டவுனிலிருந்து ஜீப்பில் மலையேறிப் போகிற ஒரு பங்குக் கோயிலில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கிறான். நான் ரங்கூனில். பிறப்பு, இறப்பு, கல்யாணம், அரிசி விலை என்று வீட்டுச் செய்தி எல்லாவற்றையும் இந்த மூன்று வருடமாக வாய்ஸ் மெசேஜில்தான் அவனுக்குச் சொல்லி வருகிறேன். வீடியோ காலில் முகம் பார்த்துப் பேசாமல் இதென்ன என்று கோயிலில் பலர் கேட்கிறார்கள். என் அனுபவத்தைச் சொல்கிறேன்.

முதலில் கடிதத்தைத்தான் நம்பினேன். துறவறப் பயிற்சியில் நவசந்நியாச வருடம் என்று ஒன்று உண்டு, அப்போது அவனிடம் போன் கிடையாது, மாதம் ஒரு கடிதம் போகும். நான் தமிழில் எழுதுவேன். அவன் படித்தது முழுக்கப் பர்மிய மொழியில். தமிழ் எழுத்து தெரிந்ததெல்லாம் கோயில் ஞாயிறு வகுப்பில் கற்றதோடு சரி. ஒரு பக்கம் படிக்க அரை மணி நேரம் ஆகுமாம். எனக்கோ பர்மிய மொழி பேச வரும், எழுத வராது. சரி என்று, அவன் கைக்குப் போன் வந்த பிறகு மகளை விட்டுப் பர்மிய எழுத்தில் டைப் செய்து அனுப்பிப் பார்த்தேன். அவள் போன் பழசு, அதில் இருந்தது ஜோஜி என்கிற பழைய பர்மிய எழுத்துரு. 2019 அக்டோபரில் பர்மா முழுக்க யூனிகோட் என்கிற உலகப் பொது எழுத்து முறைக்கு மாறியது; ஒன்றில் அடித்தது மற்றதில் சரியாகத் தெரியாது. அவன் போனில் யூனிகோட். நான் சொன்ன செய்தி அங்கே வெறும் குப்பையாகப் போய் விழுந்தது. தங்கச்சிக்கு வரன் பார்த்த விஷயம் அவனுக்குப் புரிய இரண்டு வாரம் ஆனது.

வீடியோ கால் எங்களுக்குச் சரிப்படவில்லை. அவன் ஊர் எங்களுக்கு மூன்றரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. தோசைக் கடையை எடுத்து வைத்துவிட்டு இரவு எட்டரைக்கு நான் உட்கார்ந்தால் அங்கே நடு ராத்திரி. இங்கே கரண்ட் முறை வைத்து வருகிறது. கரண்ட் போனால் வைஃபையும் போச்சு, போன் லைனும் தேய்ந்துவிடும். அங்கே அவனுக்குச் சோலார்தான். சிக்னல் வேண்டுமென்றால் சனிக்கிழமை டவுனுக்கு இறங்க வேண்டும். இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் லைன் கிடைத்தாலும் முகம் அப்படியே உறைந்து நிற்கும், "அம்மா, கேக்குதா?" என்பதிலேயே பத்து நிமிடம் போய்விடும். ஆசையாகக் காத்திருந்துவிட்டு அப்படி முடிந்தால் அன்று இரவு தூக்கம் வராது.

வாய்ஸ் மெசேஜில் அந்தக் கஷ்டம் இல்லை. லைன் இல்லாதபோதும் பேசிப் பதிந்து வைக்கலாம், லைன் வந்ததும் தானாகப் போய்ச் சேரும். எந்தச் செயலியானாலும் ஏறக்குறைய ஒன்றுதான். என் போனில் ஒரு நிமிடப் பேச்சு கால் எம்பிகூட வராது. வீடியோவில் ஒரு நிமிடத்துக்கு ஆகிற டேட்டாவில் இங்கே ஒரு வாரச் செய்தியைச் சொல்லி முடித்துவிடலாம். மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் உட்கார்ந்து பதிந்தவைதான் பாதிக்கு மேல்.

இன்னொரு லாபம் நான் எதிர்பாராதது. எங்கள் வீடு நாலாவது மாடி. ரங்கூன் வழக்கப்படி பால்கனியிலிருந்து தெரு வரைக்கும் ஒரு கயிறு, மேல் நுனியில் மணி, கீழே கிளிப். பேப்பர்க்காரர் வந்தாலும், தோசை கேட்டு யாராவது வந்தாலும் கயிற்றை இழுப்பார்கள். நான் பேசிக்கொண்டிருக்கும்போது அந்த மணி அடித்துவிட்டால் ஆரம்பத்தில் அழித்துவிட்டு மறுபடி பதிவேன். ஒருநாள் அவனே சொன்னான்: "அம்மா, மணி அடிக்கிறதை வெட்டிடாதீங்க, அது கேட்டாத்தான் வீட்ல இருக்கிற மாதிரி இருக்கு." அதற்கப்புறம் எதையும் அழிப்பதில்லை. மாவு அரைக்கிற சத்தம், பக்கத்து வீட்டுத் தகரத்தில் மழை விழுகிற சத்தம், அவன் அப்பா இருமுவது எல்லாம் சேர்ந்தே போகும். சக்கரைவள்ளிக் கிழங்கு சுடுகிற அடுப்படியில் உட்கார்ந்து அவன் கேட்பானாம். அந்த ஊர்ப் பெண்கள் "மாமா பிலோங் யு" என்று என் குரலைக் காட்டிச் சிரிப்பார்களாம். உன் அம்மா என்று அர்த்தமாம்.

குறையும் உண்டு. சர்க்கரைப் புண்ணால் அவன் அப்பாவின் கால் விரல் இரண்டை எடுக்க வேண்டியதானபோது நான் சாதாரணமாகப் பதிந்து அனுப்பிவிட்டேன். அவன் அதைச் சாப்பாட்டு அறையில், எல்லார் நடுவிலும் ஸ்பீக்கரில் போட்டிருக்கிறான். தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனானாம். பிற்பாடு கேள்விப்பட்டு நான் அழுதேன். அன்றிலிருந்து கனமான செய்தி என்றால் முதல் வார்த்தையே "தம்பி, தனியாப் போய்க் கேளுப்பா" என்பதுதான். இன்னொன்று, 2023ல் போன் மாற்றும்போது நான் எதையும் எடுத்து வைக்கவில்லை. எட்டு மாதத்து அவன் குரல் போய்விட்டது. இப்போது மகள் மாதாமாதம் மெமரி கார்டில் ஏற்றி வைக்கிறாள்.

அவன் பாட்டி இறந்தது அதே வருடம் நவம்பரில், கல்லறைத் திருநாள் முடிந்து ஒரு வாரத்தில். அவனை இடுப்பில் தூக்கிக்கொண்டு செவ்வாய்க்கிழமை தவறாமல் அந்தோணியார் நவநாளுக்குப் போனவர். அவன் அங்கி உடுத்திய நாளிலிருந்து "பிரதர், நீங்க" என்றுதான் பேசுவார், "வேணாம் பாட்டி" என்று அவன் கெஞ்சினாலும் கேட்க மாட்டார். அன்றைக்கு விடியற்காலை போனை எடுத்து மூன்று தடவை பதிந்தேன், மூன்றையும் அழித்தேன். டவுனில் தனியாக நின்று, சிக்னல் வந்ததும் மற்ற மெசேஜோடு மெசேஜாக இதுவும் அவன் காதில் விழக்கூடாது என்று தோன்றியது. இங்கே சபை இல்லத்துக்குப் போய் அதிபர் சாமியாரிடம் சொன்னேன். அவர் அங்கே உள்ள சாமியாருக்குத் தகவல் சொல்ல, அந்தச் சாமியார் என் மகன் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னார். அதற்குப் பிறகுதான் நான் அனுப்பினேன்: பூசையில் பாடிய பாட்டு, பெட்டி மூடுவதற்கு முன் பெரியம்மா வைத்த ஒப்பாரி, குழியில் மண் விழுகிற சத்தம். அவனால் வர முடியவில்லை. ஆனால் அந்தப் பதினோரு நிமிடத்தை இன்றும் வைத்திருக்கிறான்.

சாவுச் செய்தியை வாய்ஸ் மெசேஜில் சொல்லாதீர்கள். மூன்று வருடத்தில் நான் கண்டதில் இதைத்தான் முதலில் சொல்வேன்.

நல்ல செய்திக்கு இதைவிட வேகமானது எனக்குத் தெரியவில்லை. 2025 மார்ச் 28, வெள்ளிக்கிழமை, மத்தியானம் 12.50. மாலை சிலுவைப் பாதைக்காகப் புத்தகம் தேடிக்கொண்டிருந்தேன். தண்ணீர்த் தொட்டி ததும்பியது, கயிற்று மணி தானாக அடித்தது. மாண்டலே, சகாயிங் பக்கம் 7.7 அளவில் பூமி அதிர்ந்து அத்தனை உயிர் போனது அப்புறம்தான் தெரிந்தது. தெருவுக்கு இறங்கியதும் ஏழு வினாடி பதிந்தேன்: "நாங்க எல்லாரும் நல்லா இருக்கோம். அப்பா என் பக்கத்துல நிக்கிறாங்க." அன்று லைன் படுத்துக்கொண்டதால் கால் எதுவும் போகவில்லை. இந்த ஏழு வினாடி மட்டும் எப்படியோ போய்விட்டது. நல்லவேளையாக அவனும் அன்று டவுனில் இருந்தான்.

அடுத்த மாதம் ஈஸ்டர் திங்களன்று பிரான்சிஸ் பாப்பரசர் இறந்தார். 2017 நவம்பர் 29ஆம் தேதி ரங்கூன் கைக்கசான் மைதானத்தில் அவர் பூசை வைத்தபோது முந்தின ராத்திரியே போய்ப் பாய் விரித்து இடம் பிடித்தோம் நானும் என் மகனும். மிஷனுக்குப் போகிறேன் என்று அவன் முதல்முதலாகச் சொன்னது திரும்பி வருகிற பஸ்ஸில். பாப்பரசர் இறந்த செய்தியை நான் பதிந்துகொண்டிருக்கும்போதே அவனுடைய மெசேஜ் வந்து நின்றது. இரண்டு பேரும் அந்தப் பாயைப் பற்றித்தான் பேசியிருந்தோம்.

போன ஞாயிறு எங்கள் கோயிலிலிருந்து இன்னொரு பிள்ளை மிஷனுக்குப் போனான். பூசை முடிந்து அவன் அம்மாவுக்குப் போனில் மைக் எங்கே இருக்கிறது, எப்படி அழுத்திப் பிடிப்பது என்று காட்டிக் கொடுத்தேன். முதலில் தேதி சொல்லுங்க அக்கா, அப்புறம் ஒரு மெசேஜில் ஒரு செய்தி மட்டும் சொல்லுங்க என்றேன். தலையாட்டிவிட்டுப் போனை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோய், "சாப்பிட்டியா சாமி?" என்று கேட்டார். கேட்டுவிட்டுப் பதிலுக்காகக் காத்திருந்தார். பிள்ளை அவன் நேரத்துக்குத்தான் கேட்பான் என்று சொல்ல வாயெடுத்தேன், அவர் முகத்தைப் பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்தேன். பட்டனிலிருந்து விரலை எடுக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தார்.