சாகக் கிடக்கும் மெமரி கார்டு: டிடி, டிடிரெஸ்க்யூ, ஆர்சிங்க் – எதை நம்பலாம்?

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கம் சாயங்கால இடியில் டிரிப் சுவிட்ச் விழுந்தால், வீட்டில் மெமரி கார்டை நம்பி ஓடும் ராஸ்பெர்ரி பை (குட்டிக் கம்ப்யூட்டர்) சர்வரும் சேர்ந்து விழும். மறுபடி எழும்பாவிட்டால் மின்வெட்டைத் திட்டிக்கொண்டே எஃப்எஸ்சிகே (ஃபைல் சிஸ்டத்தைச் சோதித்துச் சரிசெய்யும் கட்டளை) ஓட்டுவார்கள். ஃபைல் சிஸ்டம் மட்டும் குழம்பியிருந்தால் அது போதும். கார்டே கெட்டிருந்தால் மிச்சம் மீதியும் போய்விடும். கெர்னல் லாக்கில் (சிஸ்டம் எழுதிவைக்கும் பதிவில்) கார்டைக் குறிக்கும் எம்எம்சி பெயரோடு ஐஓ எரர் (படிக்க, எழுத முடியாத பிழை) வரிசைகட்டி வந்தால், அல்லது நேற்று அழித்த ஃபைல் ரீபூட்டுக்குப் பிறகு திரும்பி வந்து நின்றால், கார்டுதான் குற்றவாளி. உடனே கழற்றிவிடுங்கள். வேறொரு ரீடரிலும் போட்டுப் பாருங்கள். மலிவு ரீடர்களும் இதே எரரைத் தரும்.

டிடி என்பது கார்டை அப்படியே நகலெடுக்கும் கட்டளை. சாகும் கார்டிலிருந்து டேட்டாவை மீட்கும் வேலைக்கு அது ஆகாது. முதல் எரரிலேயே நின்றுவிடும். எரரைத் தாண்டிப் போகச் சொன்னால், 4 எம்பி பிளாக்கில் ஒரு செக்டர் கெட்டதற்கு முழு பிளாக்கும் பூஜ்யமாகலாம்.

இதே வேலைக்கென்றே செய்த மீட்புக் கருவியான டிடிரெஸ்க்யூ நல்ல பகுதிகளை முதலில் அள்ளும். கெட்ட இடங்களை மேப் ஃபைலில் குறித்து வைக்கும். முதல் சுற்றில் ஸ்கிரேப்பிங்கை (கெட்ட இடங்களைச் செக்டர் செக்டராகச் சுரண்டுவதை) நிறுத்திவையுங்கள். அடுத்த சுற்றில் டைரக்ட் ஆக்சஸோடு (கெர்னல் கேஷைத் தவிர்த்து நேராகப் படிப்பது) 3 ரீட்ரை. கார்டு சூடேறித் திணறினால் நிறுத்தி, ஆறவிட்டு, விட்ட இடத்திலிருந்தே தொடரலாம். மேப் ஃபைலை மட்டும் அழித்துவிடாதீர்கள். ஃப்ரீசரில் வைக்கும் வித்தையெல்லாம் நம் ஊர் ஈரப்பதத்துக்கு வேண்டாம், கார்டு வேர்த்துவிடும். 32 ஜிபி கார்டின் இமேஜுக்கு (முழுக் கார்டும் ஒரே ஃபைலாக) லேப்டாப்பில் அதே அளவு காலியிடம் வேண்டும். எஃப்எஸ்சிகேயை அந்த இமேஜின் நகலில்தான் ஓட்ட வேண்டும், அந்த நகலுக்கும் அதே அளவு இடம் வேண்டும்.

முழுக் கார்டையும் விட்டு, வேண்டிய ஃபைல்களை மட்டும் நகலெடுக்கும் ஆர்சிங்க் வேகமானது. கார்டு இன்னும் மவுன்ட் ஆகிறது, வேண்டியதும் கான்ஃபிக், டேட்டாபேஸ் என்று சில நூறு எம்பிதான் என்றால் இதையே முதலில் செய்யலாம். மவுன்ட் செய்யும்போது ரீட்-ஒன்லியோடு நோலோட் ஆப்ஷனும் கொடுங்கள். இல்லாவிட்டால் ஜர்னலை (ஃபைல் சிஸ்டத்தின் மாற்றக் குறிப்பேட்டை) சரிசெய்கிறேன் என்று கார்டில் எழுதப் பார்க்கும்.

எடுப்பதற்கு டிடிரெஸ்க்யூ சிறந்தது. ஆனால் அந்த இமேஜை அப்படியே புதுக் கார்டில் இறக்குவது வம்பு. படிக்க முடியாத இடத்தில் விழுந்த பூஜ்யம் ஏதோ ஒரு லைப்ரரிக்குள் ஒளிந்திருந்து, எப்போதோ ஒரு நாள் சர்வரைக் கவிழ்க்கும். புதிதாக ஓஎஸ் போட்டு, டேட்டாவை மட்டும் உள்ளே கொண்டுவாருங்கள். எஸ்க்யூலைட் (டேட்டாபேஸ்) ஃபைல் இருந்தால் முதலில் அது பழுதில்லையா என்று இன்டெக்ரிட்டி செக்.

மாற்றாகக் கார்டா, எஸ்எஸ்டியா? பை 4 என்றால் யூஎஸ்பி எஸ்எஸ்டியே மேல். நேரடியாக அதிலிருந்தே பூட் ஆகும். 5.1 வோல்ட், 3 ஆம்ப் அடாப்டர் அவசியம். யூஎஸ்பி போர்ட்டுகள் எல்லாம் சேர்ந்து 1.2 ஆம்ப்தான் தரும். கார்டுதான் கட்டுப்படியாகும் என்றால் ஹை எண்டியூரன்ஸ் (அடிக்கடி எழுதுவதைத் தாங்கும்) வகை வாங்கி, முதல் வேலையாக எஃப்3 என்ற சோதனைக் கருவியில் முழுக் கொள்ளளவையும் எழுதிப் படித்துப் பாருங்கள்.