ஹாட்மெல்ட் பசை: ஒட்டிய மடல் மறுநாள் வாய் பிளப்பது ஏன்?

அட்டைப்பெட்டி ஒட்ட ஹாட்மெல்டுக்கு (உருக்கிச் சூடாகப் போட்டு, ஆறியதும் இறுகும் பசைக்கு) மாறலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். வேகம் என்று பார்த்தால் அதற்கு ஈடே இல்லை. பி.வி.ஏ. எனும் வெள்ளைப் பசையில் உள்ள நீரை அட்டை உறிஞ்சும்வரை மூட்டை, அதாவது ஒட்டிய இணைப்பை, அழுத்தியே வைத்திருக்க வேண்டும். இ.வி.ஏ. (ஒரு வகைப் பிளாஸ்டிக்) கொண்ட ஹாட்மெல்ட் ஓரிரு நொடியில் இறுகிவிடும். ஆனாலும் தீராத எரிச்சல் ஒன்று உண்டு: ஒட்டும் லைனில் கெட்டியாக இருந்த மடல் (பெட்டியை மூடும் மடிப்புப் பகுதி), அடுக்கி வைத்த பிறகு தானாகத் திறந்துகொள்கிறது.

குற்றம் பெரும்பாலும் மடிப்பில்தான். கிரீஸ் (மடிப்புக்கான அழுத்தக்கோடு) சரியாக விழாத தடித்த அட்டை நிமிரவே பார்க்கும். அந்த விசை மூட்டை ஓரத்திலிருந்து உரிக்கிறது. பக்கவாட்டில் இழுத்தால் ஒட்டிய பரப்பு முழுவதும் சுமையைத் தாங்கும். உரியும்போது ஓரத்திலுள்ள மெல்லிய கோடு மட்டுமே தாங்குகிறது. அதனால் பசைக்கோட்டைப் பட்டையாக்கி லாபமில்லை. மடிப்புக்கு இணையாக நீளமாகப் போடுங்கள், மடிப்பை விட்டுத் தள்ளி மடலின் நுனிப்பக்கம் போடுங்கள். தூரம் கூடக் கூடப் பசைமேல் விழும் விசை குறையும். வெயிலில் நிற்கும் கண்டெய்னருக்குள் இ.வி.ஏ. இளகும், அப்போது அதே விசைக்கு மூட்டு மெல்ல மெல்ல நழுவும்.

திறந்த மூட்டை வீசிவிடாமல் உற்றுப் பாருங்கள். பசை நசுங்காமல் உருண்டையாக நிற்கிறது, எதிர்ப்பக்கம் சுத்தமாக இருக்கிறது என்றால், அழுத்தம் வருமுன்பே பசை ஆறிவிட்டது. நாஸிலுக்கும் (பசை வெளிவரும் முனைக்கும்) அழுத்தும் இடத்துக்கும் உள்ள தூரத்தைக் குறைக்க வேண்டும். இரு பக்கமும் பசை நூல்நூலாக இழுபட்டிருந்தால், இறுகுமுன் அழுத்தத்தை எடுத்துவிட்டார்கள். அங்கே பசையைக் கூட்டினால் ஆற இன்னும் நேரமாகும், நிலைமை மோசமாகும். நன்றாக நசுங்கியும் வழவழவென்று உரிந்தால் வார்னிஷோ லேமினேஷனோ காரணம். பசை விழும் இடத்தை வார்னிஷ் இல்லாமல் விட்டு அச்சடிக்கச் சொல்லுங்கள். அட்டையின் நார் முழுக்கப் பசையோடு பெயர்ந்து வந்தால் பசையின் மேல் தவறில்லை, அட்டையின் அடுக்குதான் பிரிந்திருக்கிறது. மறுசுழற்சி அட்டையில் இது சகஜம், எந்தப் பசையை மாற்றியும் பயனில்லை.

இதையெல்லாம் பார்க்காமல் மடல் திறந்ததும் பசை உருக்கும் டேங்கின் வெப்பத்தை ஏற்றுகிறார்களே, அதுதான் கோபத்தைக் கிளப்புகிறது! வழக்கமான ரகத்துக்கு 160 முதல் 180 டிகிரி செல்சியஸ் போதும். அதற்கு மேல் போனால் பசை கருகும், கருகல் நாஸிலை அடைக்கும், பசைக்கோடு நடுநடுவே அறுந்து விழும், அந்த இடத்தில் மூட்டே இருக்காது.

இவ்வளவு புகழ்ந்தும், தடித்த அட்டையின் பக்க மூட்டுக்கு என்று கேட்டால் இன்று வேண்டாம் என்றே சொல்வேன். ஈரம் பி.வி.ஏ.வுக்கு ஆகாது என்றாலும், அங்கே அதுதான் சரி. ஹாட்மெல்டை மேல், கீழ் மடல்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள். எதைப் போட்டாலும், லைனிலிருந்து எடுத்த உடனே பிரித்துப் பார்த்துத் திருப்தி அடையாமல், 24 மணி நேரம் கழித்துப் பிரித்துப் பாருங்கள். நார் கிழிந்து வந்தால் பசை நன்றாகப் பிடித்திருக்கிறது என்று பொருள், அப்போது மட்டும் அந்த லாட்டை அனுப்புங்கள்.