கொட்டகலை வீட்டில் பூஞ்சணத்தோடு நாலு மழைக்காலம்: எது வேலை செய்தது, எது செய்யவில்லை

இலங்கை மலையகத்தில் இருக்கும் எங்கள் வீடு மேட்டை வெட்டிக் கட்டியது. பின் அறைச் சுவரிலிருந்து இரண்டடி தள்ளி மண்மேடு, நடுவில் ஒரு சிமெந்துக் கான் (வடிகால்), அவ்வளவுதான் இடைவெளி. மே கடைசியில் மழை பிடித்தால் செப்டெம்பர் வரை அந்த அறையில் ஒரு காலுறைகூடக் காயாது. 2020 இல் குடிவந்தோம். அடுத்த ஜூலையில் அலுமாரியை இழுத்துப் பார்த்தால் பின்பலகை முழுக்கக் கறுப்புப் புள்ளி, அம்மாவின் கூறைச்சேலை மடிப்பில் சாம்பல் தூவியது போல வெள்ளைப் பொடி. அம்மா ஒன்றும் பேசவில்லை, சேலையை அடுப்படிக் கொடியில் விரித்து ஒவ்வொரு மடிப்பாகத் தட்டிக்கொண்டிருந்தார்.

முதலில் குளோரின் போட்டுத் தேய்த்தோம். கறை போனது, மூன்று வாரத்தில் அதே இடத்தில் திரும்ப வந்தது. சாந்துச் சுவரில் குளோரின் மேலேதான் வெளுக்கும், துளைக்குள் இருப்பது அப்படியே இருக்கும். (குளோரினை வினிகரோடோ அமோனியா உள்ள திரவத்தோடோ தயவுசெய்து கலக்காதீர்கள், நச்சு வாயு வரும்.) அப்புறம் பூஞ்சணம் பிடிக்காத பெயின்ட் இரண்டு பூச்சு. எட்டு மாதம் நன்றாக இருந்தது, பிறகு கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பியது, ஒன்றை நகத்தால் கீறினேன், தண்ணீர் வடிந்தது. பெயின்டைக் குறை சொல்ல மாட்டேன், ஈரச் சுவரில் அடித்தது நாங்கள்.

2022 இல் ஈரம் உறிஞ்சும் மெஷின் ஒன்று வாங்கினேன். வாளியில் தண்ணீர் சேர்வதைப் பார்க்கத் திருப்தியாகத்தான் இருக்கும். ஆனால் எங்களுடையது கம்ப்ரசர் வகை, குளிர்ந்த இரவுகளில் உள்ளே ஐஸ் கட்டி நின்று நின்று ஓடும். ஈரப்பதத்தை 60 சதவீதத்துக்குக் கீழே வைக்கச் சொல்கிறார்கள், எங்கள் மீட்டர் 68க்குக் கீழே இறங்கவே இல்லை. அந்த ஓகஸ்டில் மின்கட்டணமும் ஏறியது, நிறுத்திவிட்டேன்.

உண்மையில் வழி காட்டியது சமையலறை அலுமினியத் தாள். ஒரு அடிச் சதுரமாக வெட்டி, சுவரில் நாலு பக்கமும் டேப் ஒட்டி இரண்டு நாள் விட வேண்டும். அறைப் பக்கம் வியர்த்தால் அது காற்றில் உள்ள ஈரம், சுவர்ப் பக்கம் வியர்த்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. எங்கள் தாளின் வெளிப்பக்கம் காய்ந்து கிடந்தது, உரித்தால் பின்னால் முத்து முத்தாகத் தண்ணீர். எல்லாக் குழாயையும் மூடிவிட்டுத் தண்ணீர் மீட்டரையும் பார்த்தேன், அசையவில்லை. அப்போ குழாய்க் கசிவு இல்லை.

மேசன் பாஸைக் கூட்டி வந்தேன். "தம்பி, சுவர்ல கை வைக்க வேணாம், முதல்ல கானைத் துப்புரவாக்கிப் பாப்போம்" என்றார். இலையும் மண்ணும் அள்ளிய பிறகு தெரிந்தது: கானின் அடி சுவரோரமாக நீளத்துக்கு வெடித்து, மேட்டிலிருந்து வடியும் தண்ணீர் முழுக்க அத்திவாரத்துக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. வாட்டமும் வீட்டுப் பக்கமாகத்தான் இருந்தது. 2023 டிசம்பரில் கானை உடைத்து, வெளிப்பக்க வாட்டத்தில் புதிதாகப் போட்டோம். உள்ளே மூன்றடி உயரத்துக்குச் சாந்தைக் கொத்தி எடுத்து, மார்ச் வரை சுவரை வெறுமனே காயவிட்டோம். பார்க்க அசிங்கமாக இருந்தது, ஆனால் அவசரப்பட்டுப் பூசாதீர்கள். மேட்டின் அடியை வெட்ட வேண்டி வந்தால் மட்டும் சொந்தமாகத் தீர்மானிக்க வேண்டாம், மண்சரிவு இடங்களைப் பார்க்கும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்திடம் கேளுங்கள்.

அதற்குப் பிறகு இரண்டு மழைக்காலம் போய்விட்டது. சுவர் காய்ந்திருக்கிறது, மகனின் இரவு இருமலும் குறைந்திருக்கிறது. ஜன்னல் மூலையில் மட்டும் கொஞ்சம் வருகிறது. அது உள்ளே துணி காயப்போட்டதால், கொடியை இஸ்தோப்புக்கு (முன் விறாந்தைக்கு) மாற்றியாகிவிட்டது. அலுமாரி சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி நிற்கிறது. மாதம் ஒருமுறை கானில் விழும் யூகலிப்டஸ் இலையை அள்ளுகிறேன். கூறைச்சேலையை மட்டும் அம்மா இன்னும் நடு அறையில்தான் வைத்திருக்கிறார், இன்னொரு மழை பார்த்துவிட்டு மாற்றலாம் என்கிறார்.