பேக்ஸ்ட்ரோக்: 100 மீட்டரா, 200 மீட்டரா?

பேக்ஸ்ட்ரோக்குல, அதாவது மல்லாந்து நீந்துற போட்டியில, சீரியஸா இறங்குற பிள்ளைங்க எந்த தூரத்த மெயினா எடுக்குறதுன்னு குழம்புறாங்க, அதான் ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாத்துடலாம்.

ஸ்டார்ட்
100: உசுரே இதுலதான். சுவத்துல பாதத்த ஊனி வில்லு மாதிரி வளைஞ்சு பின்னால பாயணும், கால் வழுக்குனா ரேஸ் போச்சு.
200: கொஞ்சம் சொதப்புனாலும் பிடிச்சிடலாம்.

தண்ணிக்கடியில
ரெண்டுக்கும் ஒரே ரூல், 15 மீட்டருக்குள்ள தலை வெளிய வந்துடணும்.
100: 50 மீட்டர் குளத்துல ஸ்டார்ட்டுக்கு அப்புறம் ஒண்ணு, டர்னுக்கு அப்புறம் ஒண்ணுன்னு ரெண்டே தடவதான் தண்ணிக்கடியில டால்ஃபின் கிக் (ரெண்டு காலையும் சேத்து டால்ஃபின் வால் மாதிரி அடிக்கிறது), முழு வேகம்.
200: நாலு தடவ. அந்த கடைசி தடவதான் சோதனையே, தொடை எரியும், மூச்சுக்குத் தவிப்பா இருக்கும், அப்பவும் அவசரப்பட்டு மேல வராம கிக் அடிக்கிறவங்கதான் ஜெயிக்கிறாங்க, இத பயிற்சியில பழகாம ரேஸ்ல எதிர்பாக்கவே கூடாது.

டர்ன்
சுவத்துக்கு 5 மீட்டர் முன்னாடி கொடி தொங்கும், அங்கருந்து ஸ்ட்ரோக்க (கை வீச்ச) எண்ணித்தான் திரும்பணும். 200ல களைப்புல ஸ்ட்ரோக் சுருங்கும், எண்ணிக்கை மாறிடும், கவனம்.

வாய்ப்பு
100: நாலு பேர் ஆளுக்கொரு ஸ்டைல்ல நீந்துற மெட்லி ரிலேல முதல் ஆளே பேக்ஸ்ட்ரோக்தான், டீம்ல இடம் கிடைக்கும். 2028 ஒலிம்பிக்ஸ்ல 50 மீட்டரும் வருது.
200: ரிலே கிடையாது, ஆனா ஒரே ஆள் நாலு ஸ்டைலும் நீந்துற தனிநபர் மெட்லிக்கு நல்ல அடித்தளம்.

வெடிப்பான வேகமும் பலமான கிக்கும் இருந்தா 100. சீரான தாளமும் பொறுமையும் இருந்தா 200. சின்ன வயசுன்னா கண்டிப்பா ரெண்டும் நீந்துங்க, ஆஸ்திரேலிய வீராங்கனை கெய்லி மெக்கியோன் டோக்கியோ, பாரிஸ் ரெண்டு ஒலிம்பிக்ஸ்லயும் ரெண்டு தூரத்துலயும் தங்கம் வாங்கிருக்காங்க.