பணம் கட்டும் முன் ஒரு அமர்விலாவது உடன் இருந்து பாருங்கள்

கிருஷ்ணகிரியில் முதியோருக்கான பகல்நேரப் பராமரிப்பு மையம் ஒன்றில் என் தந்தையைச் சேர்த்து நாங்கள் ஏமாந்ததை, இதே தேடலில் இருக்கும் குடும்பங்களுக்காக எழுதுகிறேன். மாங்கூழ் ஆலையில் முப்பது ஆண்டுகள் கணக்கராக இருந்த அவருக்கு மறதிநோயின் தொடக்க நிலை என்று மருத்துவர் கூறியிருந்தார். 'அறிவாற்றல் தூண்டல் சிகிச்சை' தருவதாகப் பலகை வைத்திருந்த அந்த மையத்தில் மூன்று மாதங்களுக்கு 36,000 ரூபாயை முன்பணமாகக் கட்டினோம்.

அந்தச் சிகிச்சை பொய்யன்று. பிரிட்டனில் உருவான அது, ஐந்து முதல் எட்டுப் பேர் கொண்ட குழுவுக்கு, வாரம் இருமுறை, சுமார் 45 நிமிடம் வீதம் ஏழு வாரங்களில் 14 அமர்வுகளாக நடத்தப்படுவது. சென்னையில் அதைத் தமிழ்ச் சூழலுக்கு ஏற்ப மாற்றியும் அமைத்திருக்கிறார்கள். நினைவைச் சோதிக்காமல் அவரவர் எண்ணத்தைக் கேட்பதே அதன் அடிப்படை. மல்கோவா சுவையா, செந்தூரா சுவையா என்று கேட்டால் என் தந்தை அரை மணி நேரம் பேசுவார். அதற்குத் தவறான விடை கிடையாது.

ஒரு புதன்கிழமை அவருடைய மாத்திரையைக் கொடுத்தனுப்ப மறந்து, முற்பகலில் நானே எடுத்துச் சென்றேன். பத்துப் பன்னிரண்டு பெரியவர்கள் சுவரோரம் வரிசையாகத் தொலைக்காட்சி முன் அமர்ந்திருக்க, பணியாளர் ஒருவர் (அவருக்கும் யாரும் எதையும் கற்றுத் தரவில்லை என்பது தெரிந்தது) குழந்தைகள் வண்ணம் தீட்டும் புத்தகத்தை நீட்டி, "இது என்ன கலரு, இதுகூடத் தெரியலையா தாத்தா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். பேரேடு எழுதிய மனிதர் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார். சில வாரங்களாக வீடு திரும்பியதும் அவர் பேசாமல் படுத்துவிடுவதை, நோய் முற்றுகிறது என்றே நாங்கள் எண்ணியிருந்தோம். அதை நினைத்தால் இப்போதும் மனம் ஆறவில்லை. மேசைமேல் இருந்த பதிவேட்டைப் புரட்டியபோது, இனி வரவேண்டிய வெள்ளிக்கிழமைக்கு உரிய 'ஆர்வத்துடன் பங்கேற்றார்' என்ற குறிப்பு அந்தப் புதன்கிழமையே எழுதப்பட்டிருந்தது.

மீதித் தொகையைக் கேட்டதற்கு, சேர்க்கைப் படிவத்தின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருந்த 'திருப்பித் தரப்படாது' என்ற வரியைக் காட்டினார்கள். பதிவேட்டைக் கைப்பேசியில் படமெடுத்திருந்ததால், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் மனு கொடுக்கப்போகிறேன். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் அங்கே மனுக் கட்டணம் இல்லை.

தர்மபுரி, கிருஷ்ணகிரி வட்டாரத்தில் மையம் தேடுவோர், ஒரு அமர்வு முழுவதும் உடன் இருக்க அனுமதி கேளுங்கள். மறுத்தால் அந்த இடம் வேண்டாம். நடத்துபவர் எங்கே பயிற்சி பெற்றார், ஒரு குழுவில் எத்தனை பேர், இடையில் நின்றால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்பவற்றை எழுத்தில் வாங்குங்கள். ஒரு மாதத்திற்கு மேல் முன்பணம் கட்டாதீர்கள்.