ஜே-1 இன்டர்ன்ஷிப்: பெங்களூரு ஏஜென்சியில் பணம் கட்டுமுன்

அமெரிக்காவில் ஒரு வருஷம் ஹோட்டல் பயிற்சி, கையில் டாலர் சம்பளம், முடிந்ததும் ஒரு மாதம் ஊர் சுற்றல். பெங்களூரில் ஹோட்டல் மேனேஜ்மென்ட் படிக்கும் மாணவர்களிடம் இந்தப் பேச்சு மூன்றாம் வருஷம் தொடங்குமுன்பே வந்துவிடுகிறது. கோரமங்கலா, இந்திராநகர், ஜெயநகர் பக்கம் இதை விற்கும் அலுவலகங்களுக்கும் குறைவில்லை. திட்டத்துக்கு மட்டும் மதிப்பெண் போடச் சொன்னால் ஐந்துக்கு மூன்றரை தரலாம். பெங்களூரில் அது விற்கப்படும் விதத்துக்கு இரண்டுக்கு மேல் தர மனம் வரவில்லை. காரணம், விற்கும்போது விசாவைப் பற்றியே பேசுகிறார்கள். உங்கள் அடுத்த பன்னிரண்டு மாதத்தைத் தீர்மானிக்கும் பயிற்சித் திட்டத் தாளைக் கண்ணில் காட்டுவதே இல்லை.

முதலில் யார் யார் என்று பிரித்துக்கொள்ள வேண்டும். ஜே-1 என்பது 1961-இல் வந்த அமெரிக்கப் பரிமாற்றச் சட்டத்தின் கீழ் வரும் விசா. அதற்குத் தேவையான டி.எஸ்.-2019 படிவத்தைத் தரும் அதிகாரம், அமெரிக்க வெளியுறவுத் துறை அங்கீகரித்த ஸ்பான்சருக்கு மட்டுமே உண்டு. வேலை கொடுப்பது ஹோஸ்ட் ஹோட்டல். இங்கே நாற்காலி போட்டு உட்காரவைத்துப் பேசும் ஏஜென்சி கல்யாணத் தரகர் மாதிரி. ஜாதகம் கொண்டு வருவார், அதோடு சரி. "விசா கியாரண்டி, ப்ரோ" என்று யாராவது சொன்னால் அங்கேயே எழுந்துவிடலாம். ஸ்பான்சரின் பெயரைக் கேட்டு வாங்கி, வெளியுறவுத் துறையின் ஜே-1 இணையதளத்தில் உள்ள பட்டியலில் இருக்கிறதா, 'இன்டர்ன்' பிரிவுக்கு அங்கீகாரம் பெற்றதா என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். பெயர் சொல்லத் தயங்குகிற ஏஜென்சிக்கு இரண்டாவது முறை போக வேண்டாம்.

இன்டர்ன் பிரிவில் போக, அமெரிக்காவுக்கு வெளியே பட்டப்படிப்பு நிலையில் படித்துக்கொண்டிருக்க வேண்டும், அல்லது படிப்பு முடிந்து 12 மாதத்துக்குள் பயிற்சி தொடங்க வேண்டும். அதிகபட்சக் காலம் 12 மாதம். அரியர் வைத்துக்கொண்டு "பிறகு பார்க்கலாம்" என்று இருப்பவர்கள் இந்தப் பன்னிரண்டு மாதக் கணக்கில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். ஸ்பான்சர் உங்களை வீடியோ வழியாகவோ நேரிலோ பேட்டி கண்டு ஆங்கிலத்தைச் சோதிக்க வேண்டும் என்பதும் விதி. அந்தப் பேட்டிக்கு ஏஜென்சி எழுதிக்கொடுத்த பதிலை மனப்பாடம் பண்ணிப் போகாதீர்கள், முதல் குறுக்குக் கேள்வியிலேயே குட்டு உடைந்துவிடும்.

இப்போது அந்தத் தாள். டி.எஸ்.-7002 என்று பெயர். நீங்கள், ஹோட்டல் மேற்பார்வையாளர், ஸ்பான்சர் என மூவரும் கையெழுத்துப் போட வேண்டும். வாரத்துக்கு எத்தனை மணி நேரம், சம்பளம் எவ்வளவு, எந்தக் கட்டத்தில் எந்தத் துறை, யார் சொல்லித் தருவார், கற்றதை எப்படி அளப்பார் என்று எல்லாம் இதில் இருக்கும். விதிப்படி வாரத்துக்குக் குறைந்தது 32 மணி நேரம். எழுத்தர் வேலை 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. திறமை தேவைப்படாத கூலி வேலைக்கு இந்தத் திட்டத்தைப் பயன்படுத்தக் கூடாது. ஹோட்டல், சுற்றுலாத் துறையில் ஆறு மாதமோ அதற்கு மேலோ போனால் குறைந்தது மூன்று துறைச் சுழற்சி கட்டாயம்.

அந்தத் துறைச் சுழற்சி விதியில்தான் ஏமாற்று நடக்கிறது. நாலு மாதம் ரெஸ்டாரண்ட், நாலு மாதம் பேங்க்வெட், நாலு மாதம் ரூம் சர்வீஸ் என்று எழுதியிருந்தால் காகிதத்தில் மூன்று சுழற்சி கிடைத்துவிடும். நடைமுறையில் வருஷம் முழுக்கத் தட்டுதான் தூக்குவீர்கள். ஒரே பத்தியைத் துறையின் பெயரை மட்டும் மாற்றி மூன்று கட்டத்திலும் ஒட்டியிருந்தால் அந்த ஹோட்டலில் யாரும் உட்கார்ந்து யோசிக்கவில்லை என்று பொருள். உருப்படியான தாளில் ஃப்ரன்ட் ஆபீஸ், ஹவுஸ்கீப்பிங் மேற்பார்வை, உணவு-பானம் என்று உண்மையிலேயே வேறு வேறு வேலை இருக்கும். சமையல் மாணவருக்கு கார்ட் மான்ஜே (குளிர் உணவுப் பிரிவு), ஹாட் லைன் (சூடான சமையல் பிரிவு), பேஸ்ட்ரி என்று பிரித்திருப்பார்கள். ஒவ்வொரு கட்டத்துக்கும் மேற்பார்வையாளரின் பெயரும் பதவியும் தனியாக இருக்கும். கையெழுத்துக்கு முன் வீடியோ அழைப்பில் அவரிடமே "இரண்டாவது கட்டம் எந்தத் தேதியில் தொடங்கும், என் இடத்துக்கு அப்போது யார் வருவார்?" என்று கேளுங்கள். சீசனில் ஆள் பற்றாத ஹோட்டல், பழகிய இன்டர்னை ரெஸ்டாரண்டை விட்டு நகர்த்தவே நகர்த்தாது. சுழற்சி தள்ளிப்போகும் கதை முக்கால்வாசி இப்படித்தான் ஆரம்பிக்கிறது.

தள்ளிப்போனால் என்ன செய்வது? மேனேஜரிடம் வாயால் சொல்லி மாதம் கடத்தாமல், தாளில் உள்ள தேதியைக் குறிப்பிட்டு ஸ்பான்சருக்கு மின்னஞ்சல் அனுப்ப வேண்டும். ஆறு மாதத்துக்கு மேற்பட்ட பயிற்சியில் நடுவில் ஒரு மதிப்பீடும் முடிவில் ஒன்றும் எழுத வேண்டும். நடு மதிப்பீட்டில் "எல்லாம் நன்று" என்று டிக் அடித்துவிட்டு ஒன்பதாம் மாதத்தில் புகார் சொன்னால் எடுபடாது. ஹோட்டலை மாற்றுவதும் உங்கள் இஷ்டத்துக்கு முடியாது. ஸ்பான்சர் சம்மதமும் புதிய பயிற்சித் திட்டமும் வேண்டும்.

இடத்தையும் மாதத்தையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். ஃப்ளோரிடாவில் டிசம்பர் முதல் ஏப்ரல் வரை கூட்டம் அலைமோதும். ஆகஸ்ட், செப்டம்பரில் மழையும் புயல் பயமுமாக அறைகள் காலியாகக் கிடக்கும். பனிச்சறுக்கு ஊர்களில் ஏப்ரல், மே மந்தம். மந்த காலத்தில் போய் இறங்கினால் முதல் மாதங்களிலேயே மணி நேரம் குறையும். ஒரு உதாரணக் கணக்கு: மணிக்கு 15 டாலர் என்றால் 40 மணி வாரத்தில் 600 டாலர், 32 மணி வாரத்தில் 480. வாடகை இரண்டிலும் ஒன்றுதான். டிப்ஸ் வாங்கும் வேலையாக இருந்தால் இன்னும் கவனம்: கூட்டரசுச் சட்டப்படி குறைந்தபட்சக் கூலி 7.25 டாலர், ஆனால் டிப்ஸ் ஊழியருக்குக் கையில் 2.13 டாலர் கொடுத்து மீதியை டிப்ஸில் ஈடுகட்டலாம். பல மாநிலங்களில் இதைவிட அதிகம். தாளில் எழுதியிருப்பது அடிப்படைக் கூலியா, டிப்ஸ் சேர்த்த மதிப்பீடா என்று கறாராகக் கேளுங்கள். ஃப்ளோரிடா, டெக்சாஸ், நெவாடா, டென்னசி போன்றவற்றில் மாநில வருமான வரி கிடையாது என்பதும் கணக்கில் வரட்டும்.

ஏஜென்சிக் கட்டணத்தை ஒரே தொகையாகச் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். ஸ்பான்சர் கட்டணம், காப்பீடு, ஏஜென்சியின் சொந்தக் கட்டணம், ஜி.எஸ்.டி., டிக்கெட் என்று பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள். அரசுக்குக் கட்டுபவற்றில் முக்கியமானவை இரண்டு: செவிஸ் (வெளிநாட்டு மாணவர், பயிற்சியாளர்களைப் பதிந்து வைக்கும் அமெரிக்க அரசின் கணினிப் பதிவேடு) கட்டணம் 220 டாலர், விசா விண்ணப்பக் கட்டணம் 185 டாலர். இரண்டையும் உங்கள் கார்டிலேயே கட்டி ரசீதை வைத்துக்கொள்ளலாம். அதற்கு ஏஜென்சி தேவையில்லை. விசா மறுக்கப்பட்டால் எந்தப் பகுதி திரும்பி வரும், எத்தனை நாளில் வரும், ஹோட்டலே கடைசியில் பின்வாங்கினால் என்ன ஆகும் என்ற மூன்றும் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். அசல் மார்க் ஷீட்டை வாங்கி வைத்துக்கொள்கிற வழக்கம் சில இடங்களில் உண்டு. கொடுக்கவே கொடுக்காதீர்கள். ஸ்கேன் போதும்.

விசாவுக்குப் பெங்களூரு ஆட்கள் பெரும்பாலும் சென்னைக்குத்தான் போகிறார்கள். 2025 ஜனவரியில் பெங்களூரில் அமெரிக்கத் துணைத் தூதரகம் திறக்கப்பட்டது உண்மை, ஆனால் விசா கொடுக்கும் அலுவலகமாக அது திறக்கப்படவில்லை. சென்னையில் சித்தி வீடோ மாமா வீடோ இருந்தால் தங்கும் செலவு மிச்சம். டி.எஸ்.-160 என்ற விசா விண்ணப்பப் படிவத்தில் கடந்த ஐந்து வருஷச் சமூக ஊடகக் கணக்குகளைக் குறிப்பிட வேண்டும். 2025 ஜூனிலிருந்து ஜே விசா கேட்பவர்கள் அவற்றைப் பொதுப் பார்வைக்குத் திறந்தும் வைக்க வேண்டும். பேட்டியில் கேட்பதெல்லாம் எந்த ஹோட்டல், என்ன கற்பீர்கள், திரும்பி வந்து என்ன செய்வீர்கள் என்பதுதான். "அங்கேயே செட்டில் ஆகணும்" என்கிற நினைப்பு பேச்சில் வெளிப்பட்டால் 214(பி) பிரிவில் மறுப்பு வரும். முன்பு இந்தியர்கள் பலரைக் கட்டிப்போட்டிருந்த 'இரண்டு வருஷம் தாய்நாட்டில் இருக்க வேண்டும்' என்ற நிபந்தனைக்கு அடிப்படையான திறன் பட்டியலிலிருந்து (எந்த நாட்டுக்கு எந்தத் துறைத் திறன் தேவை என்ற அமெரிக்க அரசின் பட்டியல்) 2024 டிசம்பரில் இந்தியா நீக்கப்பட்டது. அரசுப் பணத்தில் போகிறவர்களுக்கு அது இன்னும் பொருந்தலாம்.

பெட்டி கட்டும்போது: அரிசி எடுத்துப் போகாதீர்கள். தானியத்தை அரிக்கும் கப்ரா வண்டு பயத்தால் இந்திய அரிசியைப் பயணிகள் பையில் அமெரிக்கா அனுமதிப்பதில்லை. பச்சைக் கறிவேப்பிலையும் அப்படியே. சாம்பார்ப் பொடி, ரசப் பொடி, மாங்காய் ஊறுகாய் போகும், சுங்கப் படிவத்திலோ அதிகாரியிடமோ மறைக்காமல் சொல்ல வேண்டும். மிக்சி வேண்டாம், அங்கே 120 வோல்ட். இங்கே வாங்கிய எலக்ட்ரிக் குக்கர் அங்கே கால் பங்கு சூடுதான் தரும், சோறு வேகாது. அடுப்பில் வைக்கும் சின்ன பிரஷர் குக்கர் மட்டும் பிரயோஜனம், அதுவும் விடுதியில் அடுப்பு இருந்தால். ஊழியர் விடுதிகள் சிலவற்றில் மைக்ரோவேவ் தவிர எதுவும் கிடையாது. ஒரு அறைக்கு எத்தனை பேர், முன்பணம் எவ்வளவு, வாடகை சம்பளத்தில் பிடிப்பார்களா, நள்ளிரவு ஷிப்ட் முடிந்தால் எப்படித் திரும்புவது என்பதோடு சமையலறையையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

காப்பீட்டுக்கு விதியே குறைந்தபட்சம் வைத்திருக்கிறது: ஒரு நோய் அல்லது விபத்துக்கு 1,00,000 டாலர், காப்பீடு கொடுக்கத் தொடங்குமுன் நீங்கள் கையிலிருந்து கட்டும் முதல் தொகை (டிடக்டிபிள்) 500 டாலருக்கு மேல் போகக் கூடாது. பல் வைத்தியம் பெரும்பாலும் சேராது. கிளம்புமுன் பல்லைக் காட்டிவிடுங்கள்.

போய்ச் சேர்ந்ததும் முதல் வேலை ஸ்பான்சரிடம் வருகையைப் பதிவு செய்வது. அவர் செவிஸில் உறுதிப்படுத்தும் முன், சம்பளத்துக்கும் வரிக்கும் தேவையான சோஷியல் செக்யூரிட்டி எண்ணை வாங்க அதன் அலுவலகத்துக்கு ஓடினால் கணினியில் உங்கள் பெயர் ஒத்துப்போகாமல் திருப்பி அனுப்புவார்கள். பத்து நாள் பொறுத்துப் போவது நல்லது. எண் வருமுன்பே வேலை தொடங்கலாம்.

முதல் சம்பளச் சீட்டைக் கூர்ந்து பாருங்கள். வரிக் கணக்கில் நான்-ரெசிடென்டாக இருக்கும் ஜே-1 இன்டர்னிடம் சோஷியல் செக்யூரிட்டி, மெடிகேர் (ஓய்வூதியத்துக்கும் முதியோர் மருத்துவத்துக்குமான வரிகள்) பிடிக்கக் கூடாது. இரண்டும் சேர்ந்து 7.65 சதவீதம். வாரம் 600 டாலர் சம்பளத்தில் 45.90, ஐம்பது வாரத்தில் 2,295 டாலர். சம்பளப் பிரிவுக்கு இது தெரியாமலே பிடித்துவிடுவது சகஜம். முதலில் ஹோட்டலிடம் கேட்க வேண்டும். அவர்கள் தராவிட்டால் 843, 8316 என்ற இரண்டு படிவங்களோடு வரித் துறையிடம் கேட்கலாம். சம்பளத்தில் வரி பிடிப்பதற்கான டபிள்யூ-4 படிவத்தை நிரப்பும்போதே நான்-ரெசிடென்ட் என்று குறிப்பது அவசியம். காசு போதவில்லை என்று லீவு நாளில் டெலிவரி ஓட்டுவதோ பக்கத்து மோட்டலில் கூலிக்கு நிற்பதோ கூடாது. தெரிந்தால் திட்டத்தையே ரத்து செய்துவிடுவார்கள்.

ஊர் சுற்றல்தான் இந்தத் திட்டத்தின் உண்மையான இனிப்பு. பயிற்சி முடிந்த தேதியிலிருந்து 30 நாள் அமெரிக்காவுக்குள் இருக்கலாம், வேலை மட்டும் செய்யக் கூடாது. அமெரிக்கப் பயணிகள் ரயில் நிறுவனமான ஆம்ட்ராக்கின் யு.எஸ்.ஏ. ரயில் பாஸ் இதற்கென்றே அளவெடுத்தது போல 30 நாளில் 10 பயணப் பகுதிகள் தருகிறது, வழக்கமான விலை 499 டாலர். ரயில் மாறும் ஒவ்வொரு முறையும் ஒரு பகுதி கழியும் என்பதால் நேர் ரயில்களாகப் பார்த்து வழி போட வேண்டும். பாஸ் இருந்தாலும் இடத்தை முன்பதிவு செய்தாக வேண்டும், கோடையில் அது சீக்கிரம் தீரும். நயாகராவில் கனடாப் பக்கக் காட்சி அழகு என்று பாலம் தாண்டிவிடாதீர்கள்: இந்தியப் பாஸ்போர்ட்டுக்குக் கனடா விசா வேண்டும் என்பது ஒன்று, இந்த 30 நாளில் அமெரிக்காவை விட்டு வெளியேறினால் ஜே-1 வைத்து உள்ளே வர முடியாது என்பது அதைவிடப் பெரிது. மெக்சிகோ, கனடா ஆசை இருந்தால் பயிற்சிக் காலத்திலேயே, டி.எஸ்.-2019-இல் ஸ்பான்சரின் பயணக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போய் வந்துவிடுங்கள்.

ஒரே ஹோட்டலில் கட்டுண்டு கிடப்பது பிடிக்காதவர்களுக்கு வேறு வழிகள் உண்டு. பிரிட்டனின் இந்திய இளம் தொழில்முறையாளர் திட்டம் வருஷத்துக்கு 3,000 இடம், குலுக்கல், 2,530 பவுண்டு சேமிப்பு காட்ட வேண்டும், இரண்டு வருஷம் பிடித்த வேலை பார்க்கலாம். ஆஸ்திரேலியாவின் வொர்க் அண்ட் ஹாலிடே விசா 1,000 இடம், அதுவும் குலுக்கல். இரண்டுக்கும் ஏஜென்சி தேவையில்லை. ஆனால் வேலையை நீங்களே தேட வேண்டும். சான்றிதழில் 'பயிற்சி' என்று எழுதித் தர யாரும் இருக்கமாட்டார்கள்.

திரும்பி வந்த பிறகும் ஒரு வேலை பாக்கி. டபிள்யூ-2 சம்பளச் சான்று அடுத்த ஜனவரி இறுதிக்குள் வரும், அப்போது நீங்கள் அல்சூரிலோ கே.ஆர்.புரத்திலோ இருப்பீர்கள். கிளம்புமுன் சம்பளப் பிரிவில் மின்வழிப் பிரதிக்கு ஒப்புதல் கொடுத்து, ஹோட்டல் மின்னஞ்சல் அல்லாமல் சொந்த மின்னஞ்சலைப் பதிந்து வையுங்கள். 1040-என்.ஆர்., 8843 என்ற வரிப் படிவங்கள் இரண்டையும் ஏப்ரல் 15-க்குள் அனுப்ப வேண்டும். ரீஃபண்ட் வந்து சேரும்வரை அமெரிக்க வங்கிக் கணக்கை மூடாதீர்கள்.