கடலோரக் கட்டடக் கோடு: 50 மீட்டர் என்று நிறுத்துவதா, அரிப்பைக் கணக்கிடுவதா?

இரண்டு கடலோர ஊராட்சிகள் அடுத்தடுத்து இருக்கின்றன என்று வையுங்கள். ஒன்றில் சதுர கிலோமீட்டருக்கு 2,200 பேர், மற்றதில் 2,100 பேர். கரை ஒன்றுதான், மணலும் அலையும் ஒன்றுதான். ஆனால் 2019 கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கைப்படி முதல் ஊரில் கட்டடம் கட்டக்கூடாத பகுதி 50 மீட்டர், இரண்டாவது ஊரில் 200 மீட்டர். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சதுர கிலோமீட்டருக்கு 2,161 பேரைத் தாண்டிய கிராமப்புறங்களை ஒரு வகையாகவும் மற்றவற்றை வேறு வகையாகவும் பிரித்ததால் வந்த வித்தியாசம் இது. கடல் கணக்கெடுப்புப் பட்டியலைப் பார்த்து வருவதில்லை.

சென்னைப் பெருநகரின் மூன்றாம் முழுமைத் திட்டம் 2027 முதல் 2046 வரைக்கானது. கடலோரக் கட்டடக் கோட்டை எப்படிப் போடுவது என்பதற்கு அதன் முன் இரண்டு வழிகள் நிற்கின்றன. மத்திய அறிவிக்கையில் உள்ள நிலையான தூரத்தை அப்படியே எடுத்துக்கொள்வது ஒன்று. கரை அரிக்கும் வேகத்தை அளந்து, இடத்துக்கு இடம் தூரத்தைக் கணக்கிடுவது இன்னொன்று. என் ஆதரவு இரண்டாவதற்கே. அதன் ஓட்டைகளையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

நிலையான கோட்டின் நல்ல பக்கம் எல்லோருக்கும் தெரிந்தது: எளிது. எச்டிஎல் எனப்படும் உயர் அலைக் கோடு, அதாவது பெரிய ஓதத்தில் நீர் நிலத்தில் ஏறும் எல்லை, வரைபடத்தில் இருக்கும், அங்கிருந்து டேப் பிடித்தால் முடிந்தது. கிராம நிர்வாக அலுவலருக்கும் புரியும், நீதிமன்றத்திலும் நிற்கும். கொச்சி மரடில் விதியை மீறிக் கட்டிய நான்கு அடுக்குமாடி வளாகங்கள் உச்ச நீதிமன்ற உத்தரவின்படி 2020 ஜனவரி 11, 12 தேதிகளில் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டன. கோடு தெளிவாக இருந்தால் அவ்வளவு தூரம் வரை அமல்படுத்த முடியும்.

ஆனால் அந்தக் கோடு எவ்வளவு தெளிவு? மண்டலத் திட்ட வரைபடம் 1:25,000 அளவில் வரையப்படுகிறது. அதில் ஒரு மில்லிமீட்டர் தடிமன் கோடு தரையில் 25 மீட்டர். 50 மீட்டர் தடைப்பகுதியில் பாதியைப் பேனா முனையே தின்றுவிடும். அதனால்தான் புல எண்ணோடு கூடிய 1:4,000 உள்ளூர் வரைபடம் தேவைப்படுகிறது. அதில் ஒரு மில்லிமீட்டர் என்பது 4 மீட்டர். எந்தத் தரப்பில் நின்றாலும், 1:4,000 வரைபடம் இல்லாமல் நடக்கும் விவாதத்தில் மனை அளவில் எதையும் தீர்மானிக்க முடியாது.

நகரின் உள்பகுதியில் நிலைமை வேறு. ஏற்கெனவே கட்டடங்கள் நிறைந்த நகர்ப்புறம் இரண்டாம் வகை மண்டலம். அங்கே மீட்டர் கணக்கு கிடையாது. இருக்கும் சாலைக்கோ அனுமதி பெற்ற பழைய கட்டடத்துக்கோ நிலப்பக்கம் கட்டலாம், அவ்வளவுதான். இதற்கு முந்தைய 2011 அறிவிக்கை வரை அங்கே தளப்பரப்புக் குறியீடு, அதாவது மனை அளவைப் போல எத்தனை மடங்கு தளம் கட்டலாம் என்ற வரம்பு, 1991 நிலையில் உறைந்திருந்தது. 2019-இல் அந்த அறிவிக்கை வெளியான நாளின் அளவுக்கு அதைத் தளர்த்தினார்கள். எண்ணூர் நோக்கிப் போகும் வடசென்னைக் கரையில் இதன் பொருள் என்னவென்று பாருங்கள்: கல் கொட்டிக் காப்பாற்றிய சாலைக்கு அந்தப் பக்கம் அலை, இந்தப் பக்கம் கூடுதல் மாடிக்கு வாய்ப்பு.

இனி அரிப்புக் கணக்கு. அமெரிக்காவின் வடக்கு கரோலினா மாநிலம் 1979 முதல் இதைப் பின்பற்றுகிறது. சிறிய கட்டடமென்றால் ஆண்டு அரிப்பு வேகத்தைப் போல 30 மடங்கு தள்ளிக் கட்ட வேண்டும், பெரிய கட்டடத்துக்கு 60 மடங்கும் அதற்கு மேலும். அரிப்பே இல்லாத இடத்திலும் ஆண்டுக்கு 2 அடி என்று குறைந்தபட்சம் வைத்துக் கணக்கிடுவார்கள். ஆக யாரும் 60 அடிக்குள் வர முடியாது.

நம் மணற்கரைக்கு மூன்று உறுப்புகளைக் கூட்டினால் போதும். முதலாவது, ஆண்டு அரிப்பு வேகத்தைக் கட்டடத்தின் ஆயுளால் பெருக்கி வருவது. கான்கிரீட் கட்டடத்துக்கு 60 ஆண்டு வைக்கலாம். இரண்டாவது, ஒரே புயலில் வெட்டிக்கொண்டு போகக்கூடிய மணல். மூன்றாவது, கடல் மட்டம் உயர்வதால் கரை பின்வாங்கும் தூரம். மணற்கரையில் மட்டம் ஒரு மீட்டர் உயர்ந்தால் கரை 50 முதல் 100 மீட்டர் பின்வாங்கும் என்பது பொறியாளர்கள் தோராயமாக எடுத்துக்கொள்ளும் விகிதம்.

ஒரு கற்பனைக் கரையில் போட்டுப் பார்ப்போம். அரிப்பு ஆண்டுக்கு 0.8 மீட்டர் என்றால் 60 ஆண்டுக்கு 48 மீட்டர். புயல் வெட்டுக்கு 15. கடல் மட்டம் 0.3 மீட்டர் உயரும் என்று வைத்து, சிறிய விகிதத்தால் பெருக்கினால் இன்னொரு 15. மொத்தம் 78 மீட்டர். அரிப்பே இல்லாத கரையென்றால் 30 மீட்டரில் முடிந்துவிடும். ஆண்டுக்கு 2 மீட்டர் அரிக்கும் கரைக்கு 150 மீட்டர் வேண்டும். இந்த மூன்று இடத்திலும் 50 மீட்டர் என்று கோடு போட்டால் நிலையான கரையில் இருப்பவருக்கு 20 மீட்டர் வீணாகப் போகிறது. வேகமாக அரிக்கும் கரையில் இருப்பவருக்கோ புயல் ஏதும் வராமலே 25 ஆண்டில் வாசலில் தண்ணீர். வீட்டுக் கடனை அடைத்து நிமிரும் நேரம் அது.

தமிழகக் கரைக்கு இந்த வித்தியாசம் ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், இங்கே அரிப்பு சீராகப் பரவியிருக்கவில்லை. தென்மேற்குப் பருவத்தில் மணல் கரையோரமாக வடக்கே நகர்கிறது, வடகிழக்குப் பருவத்தில் தெற்கே திரும்புகிறது. கூட்டிக் கழித்தால் வடக்கே போவதுதான் அதிகம். நடுவில் அலைத்தடுப்புச் சுவர் எழுந்தால் அதன் தெற்கே மணல் சேரும், வடக்கே கரை கரையும். சென்னைத் துறைமுகம் வந்த பிறகு மெரினா அகன்றதும் ராயபுரத்துக்கு வடக்கே கரை தேய்ந்ததும் இதனால்தான். புதுச்சேரியில் 1980களின் இறுதியில் துறைமுகச் சுவர்கள் வந்ததும் நகரின் மணற்கரை போய்க் கருங்கல் சுவர் மிஞ்சியது. அரிப்பு வடக்கே உள்ள தமிழகக் குப்பங்களுக்கு நகர்ந்தது. சில கிலோமீட்டர் இடைவெளியில் வளர்கிற கரையும் தேய்கிற கரையும் இருக்கும்போது இரண்டுக்கும் ஒரே எண் பொருந்தாது.

வளர்கிற கரைக்கு ஒரு எச்சரிக்கை. அங்கே அரிப்பு வேகம் மைனஸில் வரும். அதைக் கணக்கில் சேர்த்துக் கோட்டைக் கடல் பக்கம் நகர்த்தவே கூடாது, பூஜ்ஜியமாகத்தான் கொள்ள வேண்டும். அந்த மணல் துறைமுகச் சுவரின் தயவில் நிற்கிறது. நாளை மணலை எடுத்து வடக்கே கொட்டும் திட்டம் வந்தால் கரை பழைய இடத்துக்கே திரும்பலாம். செயற்கையாக மணல் கொட்டிய கரைக்கும் இதே விதிதான். வடக்கு கரோலினாவில் அப்படிப்பட்ட கரைகளில், மணல் கொட்டுவதற்கு முன்பிருந்த தாவரக் கோட்டிலிருந்தே (மணலில் செடிகொடி தொடங்கும் விளிம்பு) அளந்து வந்தார்கள்.

சரி, ஓட்டை எங்கே? பெருக்கலில். வேகத்தில் ஒரு சிறு பிழை விழுந்தால் 60 அதைப் பூதாகாரமாக்கிவிடும். இலவசமாகக் கிடைக்கும் லேண்ட்சாட் செயற்கைக்கோள் படத்தில் ஒரு புள்ளி தரையில் 30 மீட்டர். 30 ஆண்டு இடைவெளியுள்ள இரண்டு படங்களை ஒப்பிட்டு ஒரே ஒரு புள்ளி தவறினால் வேகத்தில் ஆண்டுக்கு 1 மீட்டர் பிழை, கோட்டில் 60 மீட்டர் பிழை. படம் எடுத்த நேரத்தின் ஓதத்துக்கு (கடல் நீரின் ஏற்ற இறக்கம்) ஏற்பத் திருத்தாமல் நீர்விளிம்பை வரைவது இன்னொரு வழக்கமான தவறு. 20-க்கு 1 சரிவுள்ள கரையில் ஓதம் அரை மீட்டர் ஏறினாலே நீர்விளிம்பு 10 மீட்டர் உள்ளே வந்துவிடும். ஒரு படம் டிசம்பரிலும் மற்றது ஏப்ரலிலும் எடுத்ததாக இருந்தால் பருவமழைக்கால வெட்டை நிரந்தர அரிப்பாக எண்ணிவிடுவோம்.

இதற்கெல்லாம் மருந்து உண்டு. இரண்டு படத்தை வைத்து முடிவு கட்டாமல் பல ஆண்டுப் படங்களில் போக்குக் கோடு வரையலாம். பிப்ரவரி என்றால் எல்லா ஆண்டும் பிப்ரவரி என்று ஒரே மாதத்தில் நிற்கலாம். நீர்விளிம்பை விட்டுத் தாவர விளிம்பைப் பிடிக்கலாம். 1:50,000 பழைய நில அளவை வரைபடத்தைக் கரை தேய்கிறதா வளர்கிறதா என்று அறிய மட்டும் பயன்படுத்த வேண்டும். அதிலிருந்து வேகம் கணக்கிட்டு யாராவது நீட்டினால் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

என் பார்வையில் முடிவைத் தீர்மானிப்பது பராமரிப்பு. நிலையான கோட்டை ஒருமுறை போட்டுவிட்டு மறந்துவிடலாம், அரிப்புக் கோட்டைத் தொடர்ந்து பேண வேண்டும் என்பதுதான் முதலாவதை ஆதரிப்பவர்களின் வலுவான வாதம். பாதி உண்மை. நிலையான கோடும் ஒரு குறிப்பிட்ட நாளின் உயர் அலைக் கோட்டிலிருந்து அளந்ததுதான். கரை தேயும்போது அந்த 50 மீட்டர் தரையில் 40 ஆகும், 30 ஆகும். காகிதத்தில் மட்டும் 50 என்றே நிற்கும். பராமரிப்புத் தேவையில்லை என்பதன் பொருள், தேய்மானத்தை யாரும் பதிவு செய்வதில்லை என்பதே.

அரிப்புக் கோட்டைப் பேண என்ன வேண்டும்? கரை நெடுக 500 மீட்டருக்கு ஒன்றாக, அலை எட்டாத இடத்தில் கான்கிரீட் குறிக்கற்கள். ஒவ்வொன்றிலிருந்தும் கடலை நோக்கி ஒரு நேர்கோட்டில், இறங்கி நிற்க முடிகிற ஆழம் வரை மட்டம் எடுக்க வேண்டும். தாழ் ஓத நேரம் பார்த்து, ஆண்டுக்கு இரண்டு முறையாவது: வடகிழக்குப் பருவத்துக்கு முன்னும் பின்னும். சென்டிமீட்டர் அளவில் இடம் காட்டும் ஆர்டிகே ஜிபிஎஸ் கருவியோடு மூன்று பேர் கொண்ட குழுவுக்கு இது கடினமான வேலை கிடையாது. வேலை கெடுவது வேறோர் இடத்தில். குறிக்கல் மணலில் புதைந்துபோகும், அல்லது சாலை போடுகிறவர்கள் பெயர்த்துவிடுவார்கள். புதுக்கல் நடுகிறவர் பழைய கல்லின் மட்டத்தோடு இணைக்காமல் விட்டுவிட்டால், அதுவரை சேர்த்த அளவுகளும் இனி வரும் அளவுகளும் ஒன்றோடொன்று பேசாது. அதனால் ஒவ்வொரு கல்லுக்கும் உள்நிலத்தில், ஒரு பள்ளிச் சுவரிலோ பாலத்தின் மேலோ, துணைக்குறி ஒன்று கட்டாயம்.

ஆளுக்கும் அறிவுக்கும் சென்னையில் பஞ்சமில்லை. தேசிய நிலைத்த கடற்கரை மேலாண்மை மையம், பள்ளிக்கரணையில் உள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகம், ஐஐடியின் கடல்சார் பொறியியல் துறை எல்லாம் இங்கேதான். இதை யார் செய்ய வேண்டும், செய்யாவிட்டால் என்ன ஆகும் என்பதைத் திட்டத்திலேயே எழுதிவிட வேண்டும். நான் கேட்பது இது: ஐந்தாண்டுக்கு ஒருமுறை மறு அளவீடு. தவறினால், பதிவான வேகத்தின் ஐந்து மடங்கு தூரத்துக்குக் கோடு தானாகவே நிலப்பக்கம் நகரும். அப்படி ஒரு விதி இருந்தால் அளவீட்டைத் தள்ளிப்போடாதே என்று மனை வைத்திருப்பவர்களே அலுவலகத்தில் போய் நிற்பார்கள்.

மத்திய அறிவிக்கை இருக்க மாநகரம் தனிக் கோடு போடலாமா என்ற கேள்விக்கு முன்னுதாரணம் உண்டு. தெற்குக் கடலோரத்தில் நிலத்தடி நீர்ச் செறிவூட்டுப் பகுதி என்று வகுத்து, கட்டடப் பரப்பைக் கூடுதலாகக் கட்டுப்படுத்தியது பெருநகர வளர்ச்சிக் குழுமம்தான். உப்புநீர் உள்ளே ஏறுகிறது என்று அதைச் செய்ய முடிந்தபோது கரை தேய்கிறது என்று செய்ய முடியாதா? அறிவிக்கையின் தூரமும் அரிப்புக் கணக்கும் மாறுபட்டால், எது நிலப்பக்கம் இருக்கிறதோ அது செல்லும் என்று வைக்கலாம். அப்படி வைத்தால் நிலையான கரையில் 30 மீட்டருக்கான சலுகை கிடைக்காது. அந்த இழப்பை ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும்.

மீனவக் குப்பங்களின் அச்சம்தான் இதில் கனமான எதிர்ப்பு. ‘அபாயப் பகுதி’ என்று வரைபடத்தில் சிவப்பு அடித்தால் முதலில் குப்பத்தைக் காலி செய்யச் சொல்வார்கள், பிறகு அதே இடத்தில் விடுதி வரும் என்ற சந்தேகம் வீணானதல்ல. சுனாமிக்குப் பிறகு 200 மீட்டருக்குள் இருந்தவர்களுக்கு உள்நிலத்தில் வீடு கொடுத்தபோது பழைய இடத்தை விட்டுக்கொடுக்கும்படி கேட்டது இன்னும் மறக்கப்படவில்லை. படகு ஏற்ற, வலை உலர்த்த, மீன் ஏலம் விட மணல் வேண்டும். அந்த மணலைப் பக்கத்தில் இருந்து காப்பவர்கள் அவர்கள்தான். ஆகவே கோட்டுக்குக் கடல் பக்கம் உள்ள நிலம் குப்பத்தின் பொதுப் பயன்பாட்டுக்கு மட்டும் என்றும், ஏற்கெனவே இருக்கும் வீடுகளைச் செப்பனிடும் உரிமை தொடரும் என்றும் அதே விதியில் சேர்க்காமல் அரிப்புக் கோட்டை மட்டும் கேட்பது நியாயமாகாது.

கணக்கு செல்லாத இடங்களும் உண்டு. அடையாறு, கூவம், கொசஸ்தலையாறு முகத்துவாரங்களில் மணல் திட்டு பருவத்துக்குப் பருவம் இடம் மாறுகிறது. அங்கே சராசரி வேகம் என்ற எண்ணுக்கே பொருளில்லை. 2019 அறிவிக்கை ஓதநீர் ஏறும் கழிகளுக்கு 2011-இல் இருந்த 100 மீட்டரை 50 ஆக, அல்லது கழியின் அகலம் குறைவென்றால் அந்த அளவாகக் குறைத்தது. முகத்துவாரத்தில் நான் அரிப்புக் கணக்கைச் சிபாரிசு செய்யத் தயங்குகிறேன். வெள்ள மட்டத்தை வைத்துக் கோடு போடுவதே பாதுகாப்பு. தூண்டில் வளைவு, அதாவது கரையிலிருந்து கடலுக்குள் நீளும் கல் தடுப்பு, புதிதாகப் போட்ட இடங்களிலும் பழைய வேகம் உதவாது. அங்கே சில ஆண்டு அளந்த பிறகே எண்ணைச் சொல்ல முடியும்.

முழுமைத் திட்டக் கருத்துக் கேட்புக்குப் போகிறவர்கள் புல எண்ணையும் எஃப்எம்பி எனப்படும் புல அளவை வரைபட நகலையும் எடுத்துக்கொண்டு போங்கள். உங்கள் புலத்தின் மேல் விழும் கோடு எந்த ஆண்டின் அளவீடு, என்ன அளவு வரைபடம், அருகிலுள்ள குறிக்கல் எது, அடுத்த மறு அளவீடு எப்போது, யார் பொறுப்பு என்று எழுத்தில் கேளுங்கள். மனுவில் ஒப்புகைக் கையெழுத்தும் தேதியும் வாங்காமல் திரும்ப வேண்டாம்.